பினாங்கில் கலப்பு மோட்டார் வண்டி

பினாங்கு மக்களுக்கு மின்வண்டி புதுமையன்று. ஜார்ஜ் டவுன் வீதிகளில் 1906-ஆம் ஆண்டிலேயே மின் டிராம் ஓடத் தொடங்கிற்று. பின்வந்த டிராலி பஸ் 1961 வரை ஓடியது. 1950-களில், லண்டனில் ஓடித் தேய்ந்த மாடி டிராலி பஸ்கள் சிலவும் இங்கு வாங்கப்பெற்றன. பழைய மின்வண்டியை ஆய்ந்து வாங்குவதும் இவ்வூர்க்குப் பழக்கமே போலும்!

பெட்ரோலும் மின்சாரமும் கலந்து ஓடும் ‘ஹைபிரிட்’ கார்களுள் 2011 முதல் 2013 வரை பதிவானவை நம்மிடையே மிகுந்திருப்பானேன்? காரணம் வரிச்சட்டத்தில் உள்ளது. 2000 சி.சி.க்கு உட்பட்டவற்றிற்கு இறக்குமதி வரியும் கலால் வரியும் 2011-இல் முற்றும் விலக்கப்பட்டன. முழு உருவில் இறக்குமதியானவற்றிற்கு அச்சலுகை 2013 இறுதியில் நின்றது. இவ்விடைவெளியிலேதான் ஹோண்டா இன்சைட் 98,000 வெள்ளிக்கு விற்றது. டொயோட்டா பிரியஸும் விலை இறங்கிற்று.

ஆதலின் இன்று ஓய்வூதியப் பணத்தைக் கொண்டு இவ்விரண்டனுள் ஒன்றைத் தேர்பவர் முதுமையெய்திய மின்கலத்தையே விலைக்கு வாங்குகிறார். இன்சைட்டில் 84 சிற்றறைகள். மூன்றாந்தலைமுறைப் பிரியஸில் 168. எல்லாம் சங்கிலிபோல் தொடராக இணைந்தவை. ஒன்று நலிந்தால் அனைத்தும் தளரும். நலிந்தவற்றை மட்டும் மாற்றி விற்கும் வண்டி சின்னாளில் மீண்டும் படுத்துவிடுவதுண்டு.

இன்சைட்டின் மின்மோட்டார் என்ஜினுக்குத் துணையே. வண்டி நகருங்கால் என்ஜினும் சுழன்றுகொண்டிருக்கும். பிரியஸோ மெதுவாகச் செல்கையில் என்ஜினை நிறுத்தி மின்சாரத்தாலேயே ஊரும். பினாங்கு வீதி, சூலியா தெரு போன்ற நின்றுநின்று செல்லும் நெருக்கடிக்கு இதுவே ஏற்றது என்பது என் கருத்து. ஆனால் அதன் மின்கலத்துக்குக் காற்றளிக்கும் துவாரம் பின்னிருக்கையின் பக்கத்தில் இருக்கிறது. துணிமணியால் அதை அடைத்து வைத்திருந்தவரின் வண்டி, நம் ஊர் வெப்பத்தில் என்ன பாடுபட்டிருக்கும்!

ஓடிய தொலைவைக் காட்டும் எண்ணைவிட, மின்கலம் மாற்றிய நாளும் அதன் ரசீதும் பெரிய சான்று. அவை இல்லையெனில் தெலுக் பஹாங்கிலிருந்து பாலிக் புலாவ் செல்லும் மலைப்பாதையில் ஒருமுறை ஓட்டிப் பார்க்கலாம். ஏறும்போது மின்னளவு மளமளவெனக் குறைந்து, இறங்கும்போது உடனே நிரம்பிவிடுமாயின், அம்மின்கலத்தின் கொள்ளளவு சுருங்கிவிட்டதென அறிக. புதிய மின்கலத்தின் விலையைக் கழித்தே பேரம் பேசுதல் வேண்டும்.