பொதுப் பணத்தில் ‘பொது’ யார்?

எய்ட்ஸ் பற்றி இங்கே எழுதப்பட்ட வரலாறுகள் பெரும்பாலும் கிருமியின் வரலாறாகவோ மருந்தின் வரலாறாகவோ இருக்கின்றன. பணத்தின் வரலாற்றை ‘அது ஆடிட்டர் சமாச்சாரம்’ என்று விட்டுவிடுகிறோம். எந்தத் தலைப்பில் பணம் ஒதுக்கினார்கள், அந்தத் தலைப்புக்குள் யார் மனிதராக வந்தார்கள், யார் வெறும் ஆபத்தாக வந்தார்கள் என்று பார்த்தால், அரசு யாரைப் ‘பொதுமக்கள்’ என்று கருதியது என்பது தெரிந்துவிடும். உயிரைப் பராமரிக்கும் அதிகாரம், யாரைச் சாக விட்டுவிடலாம் என்பதையும் சேர்த்தே தீர்மானிக்கிறது என்று ஃபூக்கோவை வைத்து நாம் நிறையவே பேசியாகிவிட்டது. அதை ஒரு வரவு செலவுக் காகிதத்தில் வைத்துப் பேசிப் பார்க்கலாம் என்பதுதான் இந்தக் கட்டுரையின் நோக்கம்.

1986இல் சென்னை மருத்துவக் கல்லூரி முதுகலை மாணவி செல்லப்பன் நிர்மலா, பேராசிரியர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில், பாலியல் தொழிலாளர்களின் ரத்த மாதிரிகளைச் சேகரித்தார். கையுறை கிடையாது. கணவரின் ஸ்கூட்டர்தான் வண்டி. சேகரித்த மாதிரிகளை வைக்க இடமில்லாமல் தம் வீட்டு பிரிட்ஜில் வைத்தார். பிறகு ராத்திரி ரயிலில் வேலூர் சி.எம்.சி.க்குக் கொண்டுபோய்ச் சோதித்தார்கள். ஆறு மாதிரிகளில் எச்.ஐ.வி. இருந்தது. இந்தியாவில் இந்தக் கிருமி இருப்பது இப்படித்தான் தெரியவந்தது. ஆக, முதல் செலவு ஒரு குடும்பத்தின் மாதச் சம்பளத்திலிருந்து போயிருக்கிறது.

அப்படியானால் அரசு செலவே செய்யவில்லையா? செய்திருந்தது. மாதிரிகள் எடுக்கப்பட்ட இடம் மயிலாப்பூரில் இருந்த விஜிலன்ஸ் ஹோம். அந்தக் கட்டடம், காவல், பூட்டு எல்லாமே பொதுப் பணம். ஆராய்ச்சிக்குப் பணம் இல்லை; அடைத்து வைக்க இருந்தது. கிருமி இருந்ததாகத் தெரிந்த பெண்களை அதன்பிறகும் உள்ளேயே வைத்திருந்தார்கள். பத்திரிகையாளர் சியாமளா நடராஜ் போன்றவர்கள் உயர் நீதிமன்றம் வரை போய்த்தான் கதவைத் திறக்க வைக்க முடிந்தது. 1990இல் பம்பாயிலிருந்து நூற்றுக்கணக்கான தமிழ்ப் பெண்களை மாநில அரசு தனி ரயிலில் ‘மீட்டு’ வந்தது. ரயில் கட்டணம் கருவூலத்திலிருந்து போனது. இறங்கிய பெண்களுக்குக் காத்திருந்தது மறுபடியும் காப்பகமும் ரத்தப் பரிசோதனையும்தான். எச்.ஐ.வி. சேவைக்கான நம் பொதுநிதியின் முதல் அத்தியாயம் காவல்துறை அத்தியாயம் என்பதை மறந்துவிடக் கூடாது.

இரண்டாவது அத்தியாயம் கடன். 1992இல் உலக வங்கி சுமார் 8.4 கோடி டாலர் கடன் கொடுத்தது. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு நிறுவனம் (நாக்கோ) பிறந்தது. வந்த பணம் கருவூலத்துக்குள் போய்ச் சிக்கிக்கொண்டு மாதக்கணக்கில் வெளியே வராமல் கிடந்ததால், 1994இல் தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் ஒரு பதிவு பெற்ற சங்கமாக உருவாக்கப்பட்டது. பின்னர் மற்ற மாநிலங்களும் இதே ஏற்பாட்டைப் பின்பற்றின. 1995 முதல் அமெரிக்க அரசின் யு.எஸ்.எய்ட் பணத்தில், அடையாறு வி.எச்.எஸ். வழியாக ‘ஏப்பாக்’ திட்டம் நடந்தது. லாரி ஓட்டுநர், பாலியல் தொழிலாளி என்று ‘இலக்குக் குழுக்கள்’ வகுக்கப்பட்டன. 2003இல் தெருவெங்கும் புள்ளிராஜா வந்து நின்றான்.

இலக்கு என்ற சொல்லைக் கொஞ்சம் கவனியுங்கள். அம்பு எய்கிறவன் பேசுகிற சொல் அது. இந்தப் பெண்களுக்காகச் செலவழிப்பதாகச் சொன்ன பணம் உண்மையில் அவர்களைத் தாண்டி வேறு யாரையோ காப்பாற்றுவதற்கானது. அவர்களிடமிருந்து ஓட்டுநருக்கு, ஓட்டுநரிடமிருந்து ‘குடும்பத்துக்கு’ப் போகாமல் தடுக்க வேண்டும். பணத்தின் கண்ணில் அவர்கள் கிருமி கடந்துபோகிற ஒரு பாலம், அவ்வளவுதான்.

தொண்ணூறுகளின் கடைசியில் இப்படியொரு திட்டத்தில் நானும் வேலை பார்த்தேன். மாத அறிக்கை எழுதிக் கொடுப்பது என் பொறுப்பு. சந்தித்தோர் எத்தனை, விநியோகித்த ஆணுறை எத்தனை, மருத்துவரிடம் அனுப்பியோர் எத்தனை என்று கட்டம் கட்டமாக இருக்கும். களப்பணி செய்த அக்கா ஒருத்தி, எண்ணிக்கை சொல்லிக்கொண்டே வந்தவள், திடீரென்று கேட்டாள்: “ஏன் தம்பி, நான் செத்துப்போனா எந்தக் கட்டத்துல எழுதுவே?” சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். எட்டு மாதத்தில் செத்தும் போனாள். எழுதக் கட்டம் இல்லை. அந்த மாதம் ‘பணியாளர்’ எண்ணிக்கையில் ஒன்று குறைத்து எழுதிக் கையெழுத்துக்கு வைத்தேன். அந்தத் தாளை எழுதிய கை என்னுடையது. எனவே இந்த விமர்சனத்திலிருந்து நான் தப்பிக்க முடியாது.

தடுப்புக்குப் போன பணம் வீண் என்று சொல்ல வரவில்லை. தமிழ்நாட்டில் தொற்று குறைந்தது உண்மை. பஸ் ஸ்டாண்டிலும் சாலையோரத்திலும் ஆணுறையை எடுத்துப்போன பெண்களுக்கும் திருநங்கையருக்கும் அதில் பெரும் பங்குண்டு. அவர்களுக்குக் கிடைத்தது சம்பளம் அல்ல, ‘மதிப்பூதியம்’. கேள்வி என்னவென்றால், அவர்களை வைத்து ஊரைக் காப்பாற்றியபோது அவர்களைக் காப்பாற்ற என்ன ஒதுக்கினார்கள்?

தாம்பரம் சானடோரியத்துக்குப் போனால் பதில் கிடைத்திருக்கும். காசநோய்க்காக 1928இல் தொடங்கப்பட்ட அந்த மருத்துவமனை, 1993 முதல் எச்.ஐ.வி. உள்ளவர்களைச் சேர்த்துக்கொண்டது. மற்ற இடங்களில் தள்ளிவிடப்பட்டவர்கள் அங்கே வந்து குவிந்தார்கள். தொண்ணூறுகளில் மருத்துவர் செ.நெ. தெய்வநாயகத்தின் முயற்சியில் அங்கே ரசகந்தி மெழுகு, அமுக்கராச் சூரணம், நெல்லிக்காய் லேகியம் என்று சித்த மருந்துகள் கொடுத்தார்கள். அதன் பலன் பற்றி விவாதிக்கலாம். ஆனால் கிருமியைக் கட்டுப்படுத்தும் கூட்டு மருந்து 1996 முதலே உலகத்தில் இருந்தது என்பதையும் சேர்த்துத்தான் விவாதிக்க வேண்டும். 2001இல் நம் நாட்டு சிப்லா கம்பெனி அந்த மருந்தை வருஷத்துக்கு 350 டாலருக்குத் தருவதாக எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பிடம் சொன்னது. ஆப்பிரிக்காவுக்கு நாம் மருந்து அனுப்பினோம். தாம்பரம் வார்டுக்கு அரசின் இலவச மருந்தாக அது வந்து சேர்ந்தது 2004 ஏப்ரல் 1இல்.

அந்தத் தேதி தானாக வந்துவிடவில்லை. 1997இல் எச்.ஐ.வி. உள்ளோரின் இந்திய வலையமைப்பும், 1998இல் பாசிட்டிவ் பெண்கள் வலையமைப்பும் சென்னையில்தான் உருவாயின. வழக்கும் போராட்டமுமாக அவர்கள் கேட்டது ஒன்றுதான்: தடுப்பு என்பது எங்களிடமிருந்து ஊரைக் காப்பதாக மட்டும் இருக்க முடியாது, நாங்களும் ஊர்தான். ‘பொது’ என்ற சொல்லுக்கு உள்ளே புகுந்த முதல் குரல் என்று இதைத்தான் சொல்ல வேண்டும்.

வெளிநாட்டுப் பணத்துக்கு நாக்கும் உண்டு. 2003இல் அமெரிக்கா கொண்டுவந்த சட்டம், தன் பணத்தை வாங்கும் நிறுவனங்கள் பாலியல் தொழிலை எதிர்ப்பதாக உறுதிமொழி தர வேண்டும் என்றது. பாலியல் தொழிலாளிகளோடு வேலை செய்துகொண்டே அவர்களுக்கு எதிராகக் கையெழுத்துப் போட வேண்டும்! 2005இல் மகாராஷ்டிரத்தின் சாங்லியில் இயங்கும் ‘சங்ராம்’ அமைப்பு அந்தப் பணமே வேண்டாம் என்றது. 2003இல் தொடங்கிய கேட்ஸ் அறக்கட்டளையின் ‘அவஹான்’ 2013க்குள் பணிகளை அரசிடம் ஒப்படைத்துவிட்டுப் போனது. கொடுக்கிறவன் நிபந்தனை போடலாம், தேதி குறித்துக் கிளம்பலாம். 2025 ஜனவரியில் அமெரிக்கா உதவியை நிறுத்தியபோது ஐதராபாத், கல்யாண், புனே ஆகிய ஊர்களில் திருநங்கையருக்கான ‘மித்ர்’ மையங்கள் மூடப்பட்டன. இதற்காக வாஷிங்டனைத் திட்டலாம். ஆனால் அந்த மையங்கள் ஏன் நம் வரிப்பணத்தில் நடக்கவில்லை என்று யாரைக் கேட்பது?

நம் பணம் மட்டும் ஒழுங்கா? 2014இல் நாக்கோவின் தனித்துறை அந்தஸ்து போய், அது சுகாதார அமைச்சகத்துக்குள் அடங்கியது. நிதி மறுபடியும் மாநிலக் கருவூலங்கள் வழியாகத் திருப்பிவிடப்பட்டது. எந்தத் தாமதத்தைத் தவிர்க்க 1994இல் சங்கம் உருவாக்கினார்களோ அதே தாமதம் திரும்பி வந்தது. களப்பணியாளர்கள் மாதக்கணக்கில் சம்பளமில்லாமல் நின்றார்கள். 2017இன் எச்.ஐ.வி. சட்டம் பாகுபாட்டைத் தடை செய்தது, நல்லது. ஆனால் பரிசோதனையும் மருந்தும் ‘இயன்ற வரை’ தரப்படும் என்று எழுதிவைத்தது. இரண்டே சொல்தான். உரிமையைத் தயவாக மாற்ற அது போதும். 2021-26 கட்டத்துக்கு 15,471.94 கோடி ரூபாய், முழுக்க ஒன்றிய அரசின் பணம் என்று அறிவித்தார்கள். அந்தக் கட்டம் நடந்துகொண்டிருந்தபோதே, 2022இல், மருந்து தட்டுப்பாட்டால் எச்.ஐ.வி. உள்ளவர்கள் தில்லி நாக்கோ அலுவலகத்தின் முன் 42 நாட்கள் உட்கார்ந்திருந்தார்கள். மருந்து ஒருநாள் தவறினாலும் உடம்பு கணக்கு வைத்துக்கொள்ளும். டெண்டர் முடியும் வரை கிருமி பொறுத்திருக்காது.

‘பணம் போதவில்லை’ என்ற வழக்கமான புலம்பல் பாதி உண்மைதான். பணம் வந்தபோதெல்லாம் அது தற்காலிகமாகவே வந்தது: திட்டம், கட்டம், நீட்டிப்பு, ஒப்பந்தம். ஆயுள் முழுக்க மருந்து சாப்பிட வேண்டிய மனிதருக்கு ஐந்தாண்டுக் கணக்கு. அவருக்கு ஆலோசனை சொல்லும் நம்பிக்கை மையத்து ஊழியருக்கு ஒப்பந்த வேலை. ‘பொது’ என்ற சொல்லுக்குள் இவர்களைச் சேர்த்ததாகச் சொல்லிக்கொண்டே, வாசல்படியிலேயே நிறுத்தி வைத்திருக்கும் ஏற்பாடு இது.

தோழர்கள் கோரிக்கை வைக்கும்போது ‘கூடுதல் நிதி’ என்று மட்டும் எழுதி நிறுத்திக்கொள்ள வேண்டாம். ‘இயன்ற வரை’ என்ற சொற்களை நீக்கு என்று எழுத வேண்டும். மாநில பட்ஜெட்டில் இதற்கென நிரந்தரத் தலைப்பு வேண்டும், ஆலோசகரும் களப்பணியாளரும் நிரந்தர ஊழியராக வேண்டும் என்று எழுத வேண்டும். அறிக்கையின் கட்டங்களை யார் வரைவது என்ற கேள்வியும் அதில் இருக்க வேண்டும். அந்த அக்கா கேட்டது நிதி நிர்வாகம் பற்றிய கேள்விதான் என்று எனக்குப் புரிய இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.