ரேகைச் சட்டம்

வகுப்பறையில் விரலில் மை தடவி உருட்டச் சொல்கிறோம்; பிள்ளைகளுக்கு விளையாட்டு. அந்த மைக்கொரு சரித்திரம் இருக்கு, அதைச் சொல்வதில்லை. 1858இல் வங்காளத்தில் ஒப்பந்தக்காரர் ஒருவரின் கைப்பதிவை வாங்கினார் ஹெர்ஷல். பின்னர் கல்கத்தாவில் ரேகைகளை வகைப்படுத்த உழைத்தவர்கள் அஜிஜுல் ஹக்கும் ஹேமச்சந்திர போஸும். முறைக்குப் பெயரோ 'ஹென்றி'.

1911இன் குற்றப் பரம்பரைச் சட்டம் பிறப்பையே குற்றமாக்கி விரல் ரேகையைக் கேட்டது. மதுரைச் சீமையில் அதற்குப் பெயரே ரேகைச் சட்டம். 1920 ஏப்ரல் 3, பெருங்காமநல்லூர்: ரேகை வைக்க மாட்டோம்னு நின்ற பிறமலைக் கள்ளர்கள்மீது போலீஸ் சுட்டது. செத்தவர்களில் மாயக்காளும் ஒருத்தி.

1984இல் ஜெஃப்ரிஸ் கண்டறிந்த மரபணு ரேகை, இங்கிலாந்துக் கொலை வழக்கொன்றில் முதலில் நிரபராதியைத்தான் விடுவித்தது. இங்கே 2022ஆம் ஆண்டுச் சட்டம் உயிரியல் மாதிரிகளையும் கேட்கிறது. ஆக, 'இது யார் ரேகை?' என்பதோடு, 'கேட்பது யார், யாரிடம்?' என்றும் பிள்ளைகளுக்குக் கேட்கச் சொல்லிக்கொடுக்கணும்.