உத்தி பிரிக்கிறதும் ஏலம் போடுறதும்

விராட் கோலியை டெல்லி வேண்டாம்னு விட்ட கதை உங்க எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும். 2008ல ஐ.பி.எல். ஆரம்பிச்சப்ப பெரிய ஆளுங்களுக்கு ஏலம் விட்டாங்க. 19 வயசுக்குட்பட்ட பசங்களுக்கு மட்டும் ட்ராஃப்ட், அதாவது வரிசைப்படி ஆள் எடுக்கிறது. முதல் வாய்ப்பு டெல்லிக்கு. அவங்க எடுத்தது பிரதீப் சங்வானை. கோலி பெங்களூரு போனாரு. மீதிக் கதை ஊரறிஞ்சது.

எல்லாரும் இதை டெல்லியோட கதையாவே சொல்றாங்க. எனக்கு இதுல வேற ஒரு சந்தேகம் உண்டு. கோலிகிட்ட யாராவது கேட்டாங்களா, தம்பி உனக்கு எந்த ஊர்ல ஆடணும்னு? ட்ராஃப்ட்டுங்கிற விஷயத்துல அந்தக் கேள்விக்கே இடம் கிடையாது. இந்தப் பதிவு முழுக்க அதைப் பத்திதான். கிரிக்கெட்டை இதோட விட்டுட்டு கால்பந்துக்கு வந்துடறேன். (ஓடிடாதீங்க மக்களே, சுருக்கமாத்தான் எழுதியிருக்கேன் :-) )

எனக்கு இந்தக் கிறுக்கு பிடிச்சது கம்ப்யூட்டர் விளையாட்டால. ஹாட்ரிக்னு ஒண்ணு, 1997ல ஸ்வீடன்ல ஆரம்பிச்ச இணைய கால்பந்து மேனேஜர் ஆட்டம். திட்டக்குடி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு நெட் சென்டர்ல உக்காந்து அதுல ஒரு டீம் வச்சிருந்தேன். பந்தை உதைக்கிற வேலையெல்லாம் நமக்கு இல்லை. ஆள் வாங்கணும், விக்கணும், பயிற்சி குடுக்கணும். விற்பனைக்கு வர்ற ஆட்டக்காரனுக்குக் கெடு நேரம் உண்டு. கடைசி மூணு நிமிஷத்துக்குள்ள யாராவது விலை கேட்டா கெடு இன்னொரு மூணு நிமிஷம் தள்ளிப் போகும். நம்ம ஊர்ல அந்த மூணு நிமிஷத்துலதான் கரண்ட் போகும். அப்படிப் போன சென்டர் ஃபார்வர்டுங்க எத்தனை பேரு தெரியுமா!

அந்த ஆட்டத்துல விக்கப்படுற ஆளு வாயே திறக்க மாட்டான். எங்க போறேன், ஏன் போறேன்னு கேக்க மாட்டான். நிஜத்துல எப்படின்னு தேடிப் பார்க்க ஆரம்பிச்சதுலதான் இவ்வளவும் கிடைச்சது.

ட்ராஃப்ட் அமெரிக்கச் சரக்கு. அவங்க ஊர் ஃபுட்பால் லீக்ல (கையில பிடிச்சுக்கிட்டு ஓடுறதுக்குப் பேரு ஃபுட்பால், என்னத்தைச் சொல்ல) ஃபிலடெல்பியா அணி தோத்துக்கிட்டே இருந்தது. அதோட முதலாளி பெர்ட் பெல் ஒரு யோசனை சொன்னாரு: காலேஜ்லேர்ந்து வர்ற பசங்களைக் கடைசியில வந்த அணி முதல்ல எடுக்கட்டும், பலம் சமமாகும். 1936ல முதல் ட்ராஃப்ட் நடந்தது. முதல் ஆளா எடுத்தது ஜே பெர்வாங்கரை. அவரு லீக்ல ஒரு ஆட்டம்கூட ஆடலை! கேட்ட சம்பளம் கிடைக்கலை, வேற வேலைக்குப் போயிட்டாரு. வேலையையே விடலாம், வேற அணிக்குப் போக முடியாது. உரிமை ஒரே அணிகிட்டதான்.

ஐரோப்பாவுல ட்ராஃப்ட் கிடையாது, ஆனா அதைவிட மோசமான ஒண்ணு இருந்தது. இங்கிலாந்துல ஒப்பந்தம் முடிஞ்சாலும் கிளப்பு ஆளை விடாம வச்சுக்கலாம். நியூகாசில் ஆட்டக்காரர் ஜார்ஜ் ஈஸ்ட்ஹாம் வழக்குப் போட்டு 1963ல தீர்ப்பு வாங்கினதும்தான் அந்தப் பிடி தளர்ந்தது. அப்புறம் பெல்ஜியத்துக்காரர் போஸ்மான். 1990ல ஒப்பந்தம் முடிஞ்சது, பழைய சம்பளத்துல கால்வாசிதான் தர்றோம்னாங்க, ஃப்ரான்ஸ் கிளப்புக்குப் போறேன்னாரு, பணம் வராம விடமாட்டோம்னாங்க. அஞ்சு வருஷம் அலைஞ்சு 1995 டிசம்பர் 15ல ஐரோப்பிய நீதிமன்றத்துல ஜெயிச்சாரு. ஒப்பந்தம் முடிஞ்சா ஆள் ஃப்ரீ. இன்னைக்கு கோடிகள்ல புரள்ற ஆட்டக்காரங்க அவருக்கு ஒரு கும்பிடு போடணும். அவரு மட்டும் அப்புறம் சுகப்படலை.

நம்ம நாட்டுக் கதை இதைவிட சுவாரஸ்யம். கல்கத்தாவுல ஆள் மாறுற சீசன்னா ஊரே திருவிழாதான். ஐ.எஃப்.ஏ. ஆபீஸுக்கு ஆட்டக்காரர் நேர்ல போய்க் கையெழுத்துப் போடணும். (பேரு இந்தியன் ஃபுட்பால் அசோசியேஷன், ஆனா வங்காளத்துக்கு மட்டும்தான் சங்கம்!) அதனால என்ன பண்ணுவாங்கன்னா, எதிர் கிளப்பு தூக்கிட்டுப் போறதுக்குள்ள நாம தூக்கிடணும்னு ஆளைக் கொண்டுபோய் யாரு வீட்டுலயோ ஹோட்டல்லயோ ஒளிச்சு வச்சுடுவாங்க. கையெழுத்துப் போடுற அன்னைக்கு ஆதரவாளர் படை சூழ ஊர்வலமா வருவாரு. டோக்கன்னு ஒரு முறையும் இருந்தது, டோக்கன் எந்தக் கிளப்பு கையில இருக்கோ அவங்களுக்குத்தான் ஆளு. 1985ல கிருஷானு தேவும் பிகாஷ் பாஞ்சியும் மோகன் பகான்லேர்ந்து ஈஸ்ட் பெங்காலுக்கு ஜோடியாப் போனதை வங்காளிங்க இன்னும் பேசுறாங்க. கூத்துதான், ஆனா அந்தக் கூத்துல ஆட்டக்காரன் கையெழுத்துக்கு ஒரு மதிப்பு இருந்தது பாருங்க. அவன் போட்டாத்தான் ஆச்சு.

2014ல ஐ.எஸ்.எல். வந்தது. 84 இந்திய ஆட்டக்காரங்களை லீக் நடத்துறவங்களே மொத்தமா ஒப்பந்தம் போட்டு வச்சுட்டு, ஜூலை மாசம் மும்பையில ட்ராஃப்ட் நடத்தினாங்க. சம்பளம் முன்னாடியே முடிவானது. 14 சுற்று. நம்ம சன் குழுமம் அப்ப பெங்களூரு அணியை வாங்கியிருந்தது. ட்ராஃப்ட் முடிஞ்சப்புறம் விலகிட்டாங்க. ஆகஸ்ட்ல அந்த இடத்துக்கு அபிஷேக் பச்சனோட சென்னை அணி வந்தது. பெங்களூருக்குன்னு எடுத்த ஆளுங்க சென்னையின் எஃப்.சி. ஆனாங்க. ஆட்டக்காரன் மணிப்பூர்ல உக்காந்திருக்கான், அவனோட ஊரு ஒரு மாசத்துல மாறிப்போச்சு. என்னோட ஹாட்ரிக் டீம்ல இதைப் பண்ணியிருந்தாகூட எனக்குக் கொஞ்சம் உறுத்தியிருக்கும்.

2015 ஜூலை 10ல ஏலமும் சேர்ந்துக்கிச்சு. பத்தே பேருக்கு ஏலம். சுனில் சேத்ரியை மும்பை 1 கோடியே 20 லட்சத்துக்கும், யூஜின்சன் லிங்டோவை புனே 1 கோடியே 5 லட்சத்துக்கும் எடுத்தது. பட்டியல்ல கீழ இருந்த பேரு அனஸ் எடத்தொடிகா, டெல்லி, 41 லட்சம். மலப்புரத்துக்காரரு. சின்ன வயசுல ஆட்டோ ஓட்டிச் சம்பாதிச்சு பந்து ஆடினவரு.

2017 ஜூலை 23, மறுபடி மும்பை. பட்டியல்ல 205 பேரு, அணிங்க 10. ஏற்கெனவே ஆளுங்களைத் தக்க வச்சுக்கிட்ட அணிங்க ஆரம்பச் சுற்றுல காத்திருக்கணும். புதுசா வந்த ஜாம்ஷெட்பூருக்கு முதல் வாய்ப்பு. அவங்க கூப்பிட்ட முதல் பேரு அனஸ், 1 கோடியே 10 லட்சம். ரெண்டு வருஷத்துல விலை ரெண்டரை மடங்குக்கு மேல. கேரளாக்காரரு ஆடப்போனது ஜார்கண்டுக்கு. சொந்த மாநிலத்து அணிக்கு ஆசை இருந்ததா இல்லையான்னு அந்த மேடையில கேக்குற வழக்கம் இல்லை. அடுத்த வருஷம், 2018ல ட்ராஃப்ட்டை எடுத்துட்டாங்க. ஒப்பந்தம் முடிஞ்ச ஆளு எந்த கிளப்போட வேணா பேசலாம்னு ஆச்சு. அனஸ் எங்க போனாருன்னு நினைக்கிறீங்க? கேரளா ப்ளாஸ்டர்ஸ்! ஒரு வருஷம் ஆடிட்டு ஏ.டி.கே. போயிட்டாருங்கிறது வேற விஷயம். போனது அவரு முடிவு.

அதே 2018லதான் நம்ம கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரைப் பையன் மைக்கேல் சூசைராஜ், சென்னை சிட்டியிலேர்ந்து ஜாம்ஷெட்பூருக்கும் அடுத்த வருஷம் ஏ.டி.கே.வுக்கும் போனாரு. ட்ராஃப்ட் இருந்திருந்தா அவரு பேரை எத்தனாவது சுற்றுல கூப்பிட்டிருப்பாங்களோ.

ட்ராஃப்ட்டுக்கு வக்காலத்து வாங்குறவங்க சொல்றது ஒண்ணு: இல்லைன்னா பணக்கார அணியே எல்லாரையும் அள்ளிடும், லீக் போரடிக்கும். அதுல நியாயம் இல்லாம இல்லை. ஆனா அணியைச் சமமாப் பிரிக்க நம்ம பக்கத்துல ஒரு வழி இருந்தது. வெள்ளாத்து மணல்ல சடுகுடு ஆடுறப்ப உத்தி பிரிப்போம், ஞாபகம் இருக்கா? ஒரே தெம்பு இருக்கிற ரெண்டு பேரு ஜோடி சேர்ந்து தள்ளிப் போய், ஆளுக்கொரு பேரு ரகசியமா வச்சுக்கிட்டு, தோள்ல கை போட்டுக்கிட்டு வந்து நிப்பாங்க. உனக்கு சூரியன் வேணுமா நிலா வேணுமா? தலைவன் ஒண்ணைச் சொல்லுவான், அந்தப் பேருக்காரன் அவன் பக்கம், மத்தவன் எதிர்ப்பக்கம். யாரு யாருன்னு தலைவனுக்குத் தெரியாது. பலம் தானா சமமாயிடும். பெர்ட் பெல் யோசனையைவிட இது நுணுக்கமானதுன்னு நான் அடிச்சுச் சொல்லுவேன். முக்கியமா, கடைசியா மிஞ்சுற நோஞ்சான் பையனை எல்லாருக்கும் முன்னாடி நிக்கவச்சு "இவனா, சரி வா"ன்னு சலிச்சுக்கிட்டு எடுக்கிற அவமானம் இதுல கிடையாது. 205 பேர் பட்டியல்ல பேரு கூப்பிடாம வீட்டுக்குப் போனவங்களுக்கு அது எப்படி இருந்திருக்கும்?

சரி, இப்ப சுதந்திரம் வந்தாச்சே, எல்லாம் சுபமான்னா... 2025ல லீக்கை நடத்துற உரிமை ஒப்பந்தம் முடியப் போகுது, புதுசு கையெழுத்தாகலைன்னு சீசனே தள்ளிப்போச்சு. ஆகஸ்ட்ல பெங்களூரு எஃப்.சி. முதல் அணி ஆட்டக்காரங்க சம்பளத்தை நிறுத்தி வச்சது. ரெண்டு நாள்ல சென்னையின் எஃப்.சி.யும் கிளப்பு வேலைகளை நிறுத்தி வச்சது. எந்த கிளப்புக்கு வேணா போகலாம்ங்கிற உரிமை கையில இருந்தது. ஆட்டம் எப்பன்னுதான் யாருக்கும் தெரியலை.

டிஸ்கி: ஹாட்ரிக் இன்னும் ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. உங்க ஊர்ல உத்தி பிரிக்கிறப்ப என்னென்ன பேரு வைப்பீங்கன்னு சொல்லுங்க. எங்க ஊர்ல ஒருத்தன் எப்பவும் "புரோட்டா"ன்னுதான் வைப்பான், அதனால அவன் யாருன்னு தலைவனுக்குத் தெரிஞ்சு போயிடும் :-)