பத்து இரண்டுகளும் ஒரு சட்டமும்

பாஸ்வேர்டை அடித்து என்டர் தட்டினதும் அது எங்கே போகிறது? சர்வரின் மெமரியில் ஒரு மூலையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கும். ஏற்கெனவே வைத்திருக்கும் பதிவோடு ஒப்பிட்டுப் பார்த்ததும் அந்த இடம் துடைக்கப்படும். கோட் எழுதுகிறவர்கள் யாரும் இதைப் பற்றி இரண்டு தடவை யோசிக்க மாட்டோம். ஆனால் 1980களில் இங்கிலாந்தில் இரண்டு பேர் குற்றவாளிகளா இல்லையா என்கிற கேள்வி, அந்தக் "கொஞ்ச நேரம்" எவ்வளவு நேரம் என்பதில் வந்து நின்றது. வழக்கு அந்நாட்டின் உச்ச மன்றம் வரை போனது. அதன் விளைவாக ஒரு புதுச் சட்டமே வந்தது.

முதலில் பிரெஸ்டல் என்றால் என்ன என்று பார்ப்போம். 1979ல் பிரிட்டிஷ் தபால் துறை தொடங்கி, பிறகு பிரிட்டிஷ் டெலிகாம் நடத்திய சேவை அது. வீட்டு டிவியையோ ஒரு சின்ன கம்ப்யூட்டரையோ மோடம் வழியாக டெலிபோன் லைனில் இணைத்தால் செய்தி, பங்கு விலை, பயண விவரம் எல்லாம் திரையில் வரும். ஒருவருக்கொருவர் மெசேஜும் அனுப்பலாம். உள்ளே நுழைய 10 இலக்க வாடிக்கையாளர் எண், 4 இலக்க பாஸ்வேர்ட். அவ்வளவுதான்.

ராபர்ட் ஷிஃப்ரீன் ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையாளர். 1984ல் ஒரு நாள் மோடமைச் சோதித்துக்கொண்டிருந்தவர், சும்மா பத்து தடவை 2 என்று தட்டினார். ஏற்றுக்கொண்டது! பாஸ்வேர்ட் கேட்டது. 1234 போட்டுப் பார்த்தார். கதவு திறந்துவிட்டது. அது நிறுவனத்தின் உள்ளாள் ஒருவரின் கணக்கு. வெளியாட்கள் பார்க்கக்கூடாத பக்கங்கள் எல்லாம் வந்தன. அங்கே கிடைத்த தகவல்களைப் பிடித்துக்கொண்டு அவரும் நண்பர் ஸ்டீபன் கோல்டும் துழாவிக்கொண்டே போனார்கள். கடைசியில் சிஸ்டம் மேனேஜர் கணக்கே கையில் கிடைத்தது. இளவரசர் பிலிப்பின் மெசேஜ் பெட்டி வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டார்கள். பணம் எதுவும் திருடவில்லை. முடியுமா என்று பார்க்கிற ஆசைதான்.

விஷயம் நிறுவனத்தின் காதுக்குப் போனது. அவர்களின் டெலிபோன் லைன்களில் கண்காணிப்புக் கருவி பொருத்தினார்கள். 1985ல் கைது.

இப்போது போலீஸுக்கு ஒரு தலைவலி. எந்தச் சட்டத்தில் கேஸ் போடுவது? அடுத்தவர் கம்ப்யூட்டருக்குள் நுழைவது குற்றம் என்று சொல்லும் சட்டமே அப்போது அங்கே கிடையாது. தேடித் தேடி, போலி ஆவணங்கள் பற்றிய 1981ஆம் ஆண்டுச் சட்டத்தை எடுத்தார்கள். நல்லவேளையாக அந்தச் சட்டத்தில் ஆவணம் என்பது காகிதம் மட்டுமில்லை. தகவல் "பதியப்பட்ட அல்லது சேமிக்கப்பட்ட" டிஸ்க், டேப் போன்ற சாதனங்களும் ஆவணம்தான். மனிதரை ஏமாற்றினாலும் இயந்திரத்தை ஏமாற்றினாலும் ஒன்றுதான் என்றும் அதில் இருந்தது.

அரசுத் தரப்பின் வாதம் இப்படிப் போனது. அடுத்தவரின் எண்ணையும் பாஸ்வேர்டையும் அடித்தபோது, பிரெஸ்டல் கம்ப்யூட்டரின் ஒரு மெமரிப் பகுதியில் அவை போய் உட்கார்ந்தன. அந்த நொடியில் அந்தப் பகுதி ஒரு "போலி ஆவணம்" ஆகிவிட்டது. 1986ல் ஜூரி இதை ஏற்றுக்கொண்டது. ஷிஃப்ரீனுக்கு 750 பவுண்டு, கோல்டுக்கு 600 பவுண்டு அபராதம்.

இருவரும் அப்பீல் போனார்கள். 1987ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அடிப்படையான கேள்விகளைக் கேட்டது. ஒப்பிட்டு முடித்ததும் அழிந்துபோகிற ஒன்றை "சேமிக்கப்பட்டது" என்று சொல்ல முடியுமா? ஏமாற்றுவதற்கான ஆவணமும் அதே மெமரிப் பகுதி, ஏமாந்த இயந்திரமும் அதே மெமரிப் பகுதி என்றால் எப்படி? இரண்டு பேரும் விடுதலை. 1988 ஏப்ரலில் பிரபுக்கள் சபையும் அந்தத் தீர்ப்பை உறுதி செய்தது. பதிவது, சேமிப்பது என்றால் பிறகு எடுத்துப் பார்ப்பதற்காக ஓரளவு நேரமாவது வைத்திருக்க வேண்டும், கண நேரம் இருந்து மறைவது அதில் சேராது என்று சொல்லிவிட்டார்கள்.

முதலில் இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு மரியாதை வந்தது. ரேமுக்கும் டிஸ்குக்கும் உள்ள வித்தியாசத்தை, கம்ப்யூட்டர் படிக்காத அந்த நீதிபதிகள் சரியாகவே பிடித்திருக்கிறார்கள். இவர்கள் செய்தது தப்பு என்று தோன்றினாலும், அந்தத் தப்புக்காக எழுதப்படாத சட்டத்தை இழுத்து நீட்டி அவர்கள் மேல் போர்த்தவில்லை.

அதன்பின் சட்ட ஆணையம் 1989ல் அறிக்கை கொடுத்தது. மைக்கேல் கோல்வின் என்கிற எம்.பி. கொண்டுவந்த தனிநபர் மசோதா, 1990ல் கம்ப்யூட்டர் முறைகேட்டுச் சட்டம் ஆனது. இதில் சேமிப்பு, ஆவணம் என்கிற சிக்கலே கிடையாது. உள்ளே நுழையும் நோக்கத்தோடு கம்ப்யூட்டரை ஏதாவது செய்ய வைக்கிறாய், உனக்கு அனுமதியில்லை, அது உனக்கே தெரியும். இது போதும், குற்றம். கம்ப்யூட்டர் என்றால் என்ன என்பதைக்கூட வேண்டுமென்றே வரையறுக்காமல் விட்டார்கள், தொழில்நுட்பம் மாறினாலும் சட்டம் நிற்கட்டும் என்று. ஓட்டையை நன்றாகவே அடைத்துவிட்டார்கள். ஆனால் எதற்காக நுழைந்தாய் என்கிற கேள்விக்கு முதல் பிரிவில் இடமே இல்லை. நல்ல எண்ணம் இருந்தால் தண்டனை குறையலாம், குற்றம் குற்றம்தான்.

இது யாரைப் பிடிக்கும் என்பது 15 வருஷம் கழித்துத் தெரிந்தது. 2004 டிசம்பர் 26 சுனாமி நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். நாகப்பட்டினத்துக்கும் இலங்கைக்கும் ஆச்சேவுக்கும் உதவ உலகமே பணம் அனுப்பிக்கொண்டிருந்தது. லண்டனில் ஒரு கம்ப்யூட்டர் பாதுகாப்பு ஆலோசகர், வருஷக் கடைசி நாளில் ஒரு நிவாரண நிதித் தளத்தில் 30 பவுண்டு கொடுத்தார். தளம் நடந்துகொண்ட விதம் சரியாகப் படவில்லை. கார்டு நம்பரைத் திருடும் போலித் தளமோ என்று பயம். முகவரிப் பட்டியில், ஒரு ஃபோல்டர் மேலே போகச் சொல்லும் இரண்டு புள்ளி, ஒரு சாய்கோடு, அதைச் சில தடவை சேர்த்துத் தட்டிப் பார்த்தார். ஒன்றும் திறக்கவில்லை. சரி, ஒழுங்கான தளம்தான் என்று விட்டுவிட்டார்.

அங்கே அலாரம் அடித்துவிட்டது. அந்தத் தளத்தை நடத்தியதும் பிரிட்டிஷ் டெலிகாம்தான்! கைது, வேலை போனது. போலீஸிடம் முதலில் முழு உண்மையைச் சொல்லாததும் அவருக்கு எதிராகப் போனது. 2005 அக்டோபரில் 400 பவுண்டு அபராதம், 600 பவுண்டு வழக்குச் செலவு. வருத்தத்தோடுதான் இந்த முடிவுக்கு வருகிறேன் என்று நீதிபதியே சொன்னார். சட்டத்தின் வார்த்தைகள் அவருக்கு வேறு வழி வைக்கவில்லை.

இளவரசரின் மெசேஜ் பெட்டி வரை போனவர்களுக்கு விடுதலை. எதையுமே பார்க்காதவருக்குத் தண்டனை.

நம் ஊரில் எப்படி? 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில், அனுமதியில்லாமல் நுழைந்தால் 43ஆம் பிரிவில் நஷ்டஈடு கேட்கலாம். 2008 திருத்தத்துக்குப் பிறகு, அதையே நேர்மையற்ற அல்லது மோசடி எண்ணத்தோடு செய்தால்தான் 66ஆம் பிரிவில் குற்றம், மூன்று வருஷம் வரை சிறை. காகிதத்தில் பார்த்தால் பிரிட்டிஷ் சட்டத்தைவிட இது நிதானமானது. எண்ணம் என்ன என்று கேட்கிறது. ஆனால் அந்தக் கேள்வி கோர்ட்டில்தான் தீரும். அதற்கு முன்னால் புகார், விசாரணை, லேப்டாப் பறிமுதல் என்று எத்தனை மாதம் போகும் என்பது வேறு கதை.

பிரிட்டனில் பாதுகாப்பு ஆய்வாளர்கள், நல்ல நோக்கத்தில் செய்யும் சோதனைக்குச் சட்டத்திலேயே பாதுகாப்பு வேண்டும் என்று பல வருஷமாகக் கேட்டுவருகிறார்கள். நான் இந்த வழக்குகளைப் படித்ததிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். யாராவது "எங்க சைட்டைக் கொஞ்சம் டெஸ்ட் பண்ணிப் பாருங்களேன்" என்று போனில் சொன்னால், அதை முதலில் மெயிலில் போடச் சொல்கிறேன். எந்த முகவரி, எந்தத் தேதி, எதுவரை போகலாம் என்று மூன்று வரி போதும். அது வருகிற வரைக்கும் அந்த முகவரிப் பட்டியில் ஒரு புள்ளிகூட வைப்பதில்லை.