தைப்பூசத்திற்கு எந்தக் கொட்டு? உருமி, தப்பு, உடுக்கை வாங்கும் முன்...

தைப்பூசம் நெருங்கினால் கிள்ளான், பிரிக்பீல்ட்ஸ் கடைகளில் கொட்டு வாங்க இளைஞர்கள் கூடிவிடுவார்கள். கடைக்குள் நின்று நாலு தட்டு தட்டிப் பார்த்து, சத்தம் பிடித்துவிட்டால் பணத்தைக் கட்டிவிடுவதுதான் பெரும்பாலும் நடக்கிறது. ஆனால் குளிர்சாதன அறையில் கணீரென்று ஒலிக்கும் தோல், விடியற்காலையில் பத்துமலை ஆற்றங்கரை ஈரத்தில் அதே குரலில் ஒலிக்காது. காவடி எடுப்பவர் அந்த அடியைக் கேட்டுத்தான் கால் எடுத்து வைக்கிறார். பாதி வழியில் தோல் தொய்ந்தால் அவருடைய நடையும் தடுமாறும்.

தோலின் குணம் எளிமையானது. காற்றில் ஈரம் ஏறினால் அதை உறிஞ்சித் தளரும், சுருதி இறங்கும். சூடு பட்டால் சுருங்கி விறைக்கும், சுருதி ஏறும். தோட்டப்புறத்தில் இதற்கு வழி இருந்தது. காய்ந்த ஓலையையோ பழைய தாளையோ கொளுத்தி, தப்பைத் தள்ளிப் பிடித்துத் திருப்பித் திருப்பிக் காட்டுவார்கள். விரலால் சுண்டி, ஓசை ஏறியதும் எடுத்துவிடுவார்கள். லட்சக்கணக்கானோர் நெருக்கியடித்து நிற்கும் இடத்தில் தீ மூட்ட முடியாது. அதோடு ஜனவரி, பிப்ரவரியில் மாலை மழை எப்போது வரும் என்று சொல்லவும் முடியாது. ஆகவே வாங்கும்போதே கேட்க வேண்டியது, சத்தம் எவ்வளவு என்பதல்ல. அந்தச் சத்தம் எத்தனை மணி நேரம் நிற்கும் என்பதுதான்.

அதனால்தான் செயற்கைத் தோல் போட்ட கருவிகள் இப்போது பெருகிவிட்டன. இரும்பு வளையமும் திருகாணியும் வைத்து இறுக்கிக்கொள்ளலாம். மழையில் நனைந்தாலும் துடைத்துவிட்டு அடிக்கலாம். குறை என்னவென்றால், தோலுக்குரிய அடிநாதம் அதில் குறைவு. ஓசை சற்றுத் தகரம்போல் கூர்மையாக இருக்கும், பக்கத்தில் நிற்பவர் காதைக் குத்தும். அப்பாவின் தோளில் உட்கார்ந்திருக்கும் குழந்தையின் காதருகே அதைக் கொட்டுவதை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கலாம். யாராவது சொன்னால்தான் விலகுகிறார்கள்.

உருமிதான் இங்கே காவடியின் குரல். நடுவில் ஒடுங்கிய உடல், இரண்டு முகம். ஒரு முகத்தை வளைந்த குச்சியால் உரசினால் அந்த உறுமல் வரும். மறுமுகத்தை மெல்லிய குச்சியால் அடிப்பார்கள். அடிக்கும் முகத்திற்குச் செயற்கைத் தோல் போட்டாலும் பெரிய நட்டமில்லை. உரசும் முகத்தில் மட்டும் குச்சிக்குப் பிடிப்பு வேண்டும். வழவழப்பான முகத்தில் உறுமலுக்குப் பதில் கீச்சொலிதான் கிடைக்கும். புதிதாகக் கற்பவர்கள் உருமியைத் தேர்ந்தெடுப்பது உசிதமல்ல. உரசல் கைக்கு வரவே மாதங்கள் ஆகும், அதற்குள் தைப்பூசம் வந்து போய்விடும்.

ஒரே ஆள், ஒரே கருவி, இரவெல்லாம் நடை என்றால் தப்புக்கு நிகரில்லை. மூன்று மரத் துண்டுகளை இணைத்த வட்டச் சட்டம், அதன்மேல் ஒட்டிய மாட்டுத்தோல். தோளில் மாட்டிக்கொண்டால் இரண்டு கையும் அடிக்கக் கிடைக்கும்: ஒரு கையில் நீண்டு மெலிந்த சிம்புக்குச்சி, மறு கையில் குட்டையான அடிக்குச்சி. எடை குறைவு என்பதால் பத்துமலையின் 272 படிகளோ, பினாங்கு தண்ணீர்மலையின் 513 படிகளோ ஏற வேண்டியிருந்தாலும் தோள் தாங்கும்.

தப்பைப் பற்றி இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். சாவு வீட்டுக் கருவி என்று அதைக் கோயில் வளாகத்தில் சேர்க்கத் தயங்கும் பெரியவர்கள் இன்னும் உண்டு. அந்தத் தயக்கம் கருவியைப் பற்றியதல்ல, அதை அடித்தவர்களின் சாதியைப் பற்றியது. தொல்காப்பியம் நிலத்தின் கருப்பொருள்களில் ஒன்றாகப் பறையை எண்ணுகிறது. தோட்டங்களிலும் மாரியம்மன் திருவிழாவுக்குத் தப்பு அடிக்கப்பட்டுத்தான் வந்தது. இன்று கல்லூரி மாணவிகள்கூடப் பறை கற்றுக்கொண்டு மேடை ஏறுகிறார்கள். வீட்டில் எதிர்ப்பு வந்தால் வாங்கும் முன்பே பேசிவிடுவது நல்லது, திருவிழா அன்று வாசலில் வைத்துப் பேச வேண்டாம்.

உடுக்கை வேறு வகை. கையால் வாசிப்பது, இடுப்புக் கயிற்றை அழுத்தினால் சுருதி வளைந்து ஏறி இறங்கும். அம்மன் பாட்டுக்கும் அருள் வாக்குக்கும் அதுபோல் ஒன்றில்லை. ஆனால் அதன் தோல் மிக மெல்லியது, ஒலியும் சிறியது. நாலு உருமி நடுவே உடுக்கை அடித்தால் அடிப்பவருக்கே கேட்காது. தோட்டத்துக் கோயிலில் பத்துப் பேர் சுற்றி நிற்கும் கரகத்துக்கு அது போதும், ஊர்வலச் சாலைக்குப் போதாது.

கஞ்சிரா வாங்க நினைப்பவர்கள் தோல் எதனுடையது என்று கேட்டே ஆக வேண்டும். பழைய முறையில் அதற்கு உடும்புத் தோல் போடுவார்கள். இந்தியாவில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் உடும்பைக் காக்கிறது. அனைத்துலக வணிகமும் தடை செய்யப்பட்டது. தமிழ்நாட்டிலிருந்து ஆசையாக வாங்கி வந்து விமான நிலையத்தில் மாட்டிக்கொள்ளாமல், ஆட்டுத்தோல் அல்லது செயற்கைத் தோல் கஞ்சிராவே எடுக்கலாம்.

சிங்கப்பூருக்குக் கொட்டு கொண்டு போகிறவர்களுக்கு நிலைமை வேறு. அங்கே தைப்பூச ஊர்வலத்தில் இசைக்கு 1973-இல் தடை வந்தது. 2016-இல்தான் பாதையில் 3 இடங்களில் நேரடி இசைக்கு அனுமதி கிடைத்தது. இங்கே போல் காவடியோடு நினைத்த இடத்தில் கொட்டிக்கொண்டு நடக்கலாம் என்று கிளம்பக் கூடாது. இந்து அறக்கட்டளை வாரியம் அந்த ஆண்டுக்கு வெளியிடும் விதிகளைப் படித்த பிறகே பயணச்சீட்டு எடுக்க வேண்டும்.

கடையில் பார்க்க வேண்டியவை அதிகமில்லை. முகத்தின் ஓரத்தில் நாலு திசையிலும் தட்டினால் ஒரே சுருதி வர வேண்டும். மாறினால் இழுப்பு சமமாக இல்லை. தோலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் கத்தி பட்ட மெலிவு தெரிந்துவிடும், கிழிவது அங்கிருந்துதான். மரத்தில் விரிசலும் பூச்சித் துளையும் உண்டா என்று உள்பக்கம் பார்க்க வேண்டும். வெளிச்சாயம் எதையும் மறைக்கும். கடைசியாக, வாரை மாட்டிக்கொண்டு கடை வாசலில் கால் மணி நேரம் நடந்து பார்க்கலாம். கடைக்காரர் முகம் சுளித்தால் வேறு கடை இருக்கிறது.

திருவிழா முடிந்து வீடு திரும்பியதும் வியர்வையையும் திருநீற்றையும் உலர்ந்த துணியால் துடைத்து, திருகாணி இருந்தால் சற்றுத் தளர்த்தி, காற்றோட்டமான இடத்தில் மாட்டிவைக்க வேண்டும். காரின் பின்பெட்டியில் போட்டு மறந்தால், பங்குனி உத்திரத்துக்குள் தோல் பூஞ்சை பூத்துவிடும்.