ஜன்னலை யார் வைப்பது?

 

விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. அதில் விண்டோசோடு, சி-டாக் நிறுவனத்தின் பாஸ் லினக்ஸும் இருந்தது. கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலையின் வெள்ளிமலை வரை பல வீடுகளுக்கு அதுதான் முதல் கணினி. இப்போது கேட்டால் "ஸ்லோ ஆயிடுச்சு சார்" என்று பரணைக் காட்டுகிறார்கள். பல நேரம் கணினியில் பழுதே இருக்காது. மேலே ஓடும் முகப்புதான் பாரம். அதை இறக்கிவிட்டு வேறொன்று வைக்கலாம். அந்த உரிமைக்கு நாற்பது ஆண்டு வரலாறு உண்டு.

1984-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஷைஃப்லரும் கெட்டிஸும் எக்ஸ் விண்டோ அமைப்பை எழுதினார்கள். திரையில் வரைவது எக்ஸின் வேலை. ஜன்னல் எங்கே நிற்க வேண்டும், மூடும் பொத்தான் எந்த மூலையில் என்பதையெல்லாம் விண்டோ மேனேஜர் என்ற தனி நிரல் பார்த்துக்கொள்ளும். பள்ளிக் கட்டடத்தை அரசு கட்டித் தரும், பெஞ்சை எப்படிப் போடுவது என்பது வகுப்பாசிரியர் பாடு, அந்த மாதிரி. ஆசிரியரை மாற்றக் கட்டடத்தை இடிக்க வேண்டாமே! முதலில் யூ.டபிள்யூ.எம். என்ற மேனேஜர் வழக்கத்தில் இருந்தது. டாம் லாஸ்ட்ரேஞ்ச் எழுதிய டி.டபிள்யூ.எம். 1989-இல் அந்த இடத்துக்கு வந்தது.

டெபியன் லினக்ஸ் இதை இன்னும் எளிதாக்கியது. எக்ஸ்-விண்டோ-மேனேஜர் என்று ஒரு பெயர்ப்பலகை. அது எந்த நிரலைக் காட்ட வேண்டும் என்பதை ஒரே கட்டளையில் மாற்றலாம். நம் பாஸ், டெபியனின் வழிவந்ததுதான்.

பாஸின் முகப்பாக இருந்த க்னோமும் என்லைட்டன்மென்ட், சாஃபிஷ், மெட்டாசிட்டி என்று மேனேஜர்களை மாற்றிக்கொண்டே வந்தது. நம் பிள்ளைகள் கைக்கு மடிக்கணினி வந்த அதே 2011-இல், ஏப்ரலில், க்னோம் 3 வெளியானது. பழகிய மெனு போயிற்று. முகப்பையும் மேனேஜரையும் ஒன்றாகப் பிணைத்துவிட்டார்கள். ஒன்றை மட்டும் கழற்ற முடியாது. அழகுதான், ஆனால் பழைய கணினிக்குத் தாங்காது. பிடிக்காதவர்கள் பழைய க்னோமை 'மாட்டே' என்ற பெயரில் காப்பாற்றிக்கொண்டார்கள்.

எனக்குப் பிடித்தது எல்.எக்ஸ்.டி.இ. தைவானில் ஹாங் ஜென் யீ 2006-இல் தொடங்கியது. அதன் மேனேஜர் ஓப்பன்பாக்ஸ், இறகு மாதிரி இலேசு. மலையிலிருந்து இறங்கி வந்து கல்லூரியில் படிக்கும் ஒரு மாணவியின் கணினியில் நிறுவி, உள்நுழையும் திரையில் அதைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தேன். கடைக்காரர் காயலானுக்குப் போடச் சொன்ன கணினி அது! இன்றும் அதில்தான் தட்டச்சு செய்கிறாள்.

2008-இல் தொடங்கிய வேலண்டில் வரைவதும் அடுக்குவதும் மறுபடி ஒரே நிரலின் கையில். 2025 அக்டோபரில் வந்த உபுண்டு 25.10-இல் க்னோமுக்கு எக்ஸ் வழியே கிடையாது. பாதுகாப்புக்கு நல்லது என்கிறார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. ஆனாலும் அந்தப் பெயர்ப்பலகையைக் கழற்றியது எனக்கு ஒப்பவில்லை.

பரணில் மடிக்கணினி வைத்திருக்கும் என் மாணவர்கள் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குக் கொண்டு வாருங்கள். சார்ஜரை மறக்க வேண்டாம். பென்டிரைவ் என்னிடம் இருக்கிறது.