சான்றைக் கையளித்தல்: கீழடியும் இளையோருக்கான காட்சியமைப்பும்

மரபை இளைய தலைமுறையிடம் சேர்ப்பதைத் தம் முதன்மைப் பணிகளுள் ஒன்றாக அருங்காட்சியகங்கள் கருதுகின்றன. சேர்க்க வேண்டியது எது? அறிஞர்கள் எட்டிய முடிவுகளா, அம்முடிவுகளுக்கு அடிப்படையான சான்றுகளா? முடிவை மட்டும் பெற்ற மாணவர் அதை நம்பலாம், மறுக்கலாம். சோதித்துப் பார்க்க இயலாது. எனவே இளையோருக்கான காட்சியமைப்பில் சான்றும் ஆய்வுமுறையும் முன்னிற்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம். சிவகங்கை மாவட்ட அகழாய்வுக் களமான கீழடியில் 2023 மார்ச் 5 அன்று செட்டிநாட்டுக் கட்டடப் பாணியில் திறக்கப்பட்ட அருங்காட்சியகத்தின் தொல்பொருள்கள் இதற்குத் தக்க களமாகும்.

காலக்கணிப்பை முதலில் எடுத்துக்கொள்வோம். கீழடியின் தொன்மை 2,600 ஆண்டு என்பது பள்ளி மாணவர்களும் அறிந்த செய்தி. தமிழ்நாடு தொல்லியல் துறை 2019இல் வெளியிட்ட நான்காம் கட்ட அகழாய்வு அறிக்கை இதற்கு ஆதாரம். 353 செ.மீ. ஆழத்தில் கிடைத்த கரிம மாதிரி, அமெரிக்க ஆய்வகம் ஒன்றின் பகுப்பாய்வில் கி.மு. 580ஐச் சேர்ந்தது எனக் கணிக்கப்பட்டது. அந்தக் காலம் அந்த மண்ணடுக்குக்கு உரியது. மேலடுக்குகளில் கிடைத்த பொருள்களுக்கும் அதே வயதைச் சூட்டக் கூடாது. அகழாய்வுக் குழியின் வெட்டுமுகத்தை உண்மை உயரத்தில் நிறுத்தி, ஒவ்வொரு பொருளையும் அது கிடைத்த ஆழத்தில் காட்டினால் இவ்வேறுபாடு மாணவருக்குக் கண்ணெதிரே விளங்கும். காலக்கணிப்பு குறித்து நடக்கும் விவாதத்தின் பொருளும் அங்கேயே புரியும்.

அடுத்தது எழுத்து. அதே அறிக்கை, தமிழி (தமிழ்-பிராமி) எழுத்துப் பொறித்த 56 பானை ஓடுகளைக் குறிப்பிடுகிறது. குவிரன், ஆதன் போன்ற பெயர்கள் அவற்றில் உள்ளன. எழுத்தமைதி ஓட்டுக்கு ஓடு மாறுவதால், எழுதியவர் ஒரே குயவர் அல்லர், பலர் என அறிக்கை கருதுகிறது. விளக்கப் பலகை இம்முடிவை ஒரே வரியில் சொல்லிவிடலாம். மாணவருக்கு வேலை இராது. மாறாக, ஓட்டின் அருகே தமிழி எழுத்து அட்டவணையை மட்டும் வைத்தால் அவரே எழுத்துக் கூட்டிப் பெயரைப் படிப்பார்; இரண்டு ஓடுகளின் கீறல்களை ஒப்பிட்டுக் கை வேறு என்று காண்பார். முடிவைத் தெரிவிக்கும் பலகை அதற்குப் பின்னரே வர வேண்டும்.

சிறுவர்க்கான விளக்கம் பெரியோர்க்கானதன் நீர்த்த வடிவம் அன்று. அதற்குத் தனி அணுகுமுறை வேண்டும் என்று மரபு விளக்கக் கோட்பாடுகளை வகுத்த அமெரிக்க எழுத்தாளர் ஃப்ரீமன் டில்டன் 1957இலேயே வலியுறுத்தினார். கீழடியின் சுடுமண் வட்டச் சில்லுகள் இதற்கு ஏற்றவை. அவை பாண்டியாட்டத்துக்கு உரியவை என்பது ஒரு விளக்கம். எடையாகவோ மூடியாகவோ பயன்பட்டிருக்கலாம் என்று கருதவும் இடமுண்டு. அவற்றின் மாதிரிப் படிகளைச் சிறுவர் கையில் கொடுத்து, விளிம்பின் தேய்வையும் எடையையும் பார்க்கச் செய்து, அவர்கள் கருத்தைக் காரணத்தோடு கேட்கலாம். தொடுதிரைகள் இப்பணிக்குத் துணையாகலாம், பொருளுக்கு மாற்றாகா.

ஐயத்துக்கு இடம் கொடுத்தால் இளையோரின் பண்பாட்டுப் பெருமிதம் குன்றும் என்ற மறுப்பு எழலாம். சான்று அறியாத பெருமிதம்தான் முதல் எதிர்க்கேள்வியிலேயே தடுமாறும். சான்றைக் கையாளப் பழகியவர் புதிய ஆதாரம் வரும்போது தம் கருத்தைத் திருத்திக்கொள்வார். அவருடைய மரபுப்பற்று அதனால் குறையாது. ஆகவே காப்பாட்சியர்களும் ஆசிரியர்களும் இணைந்து, ஒவ்வொரு காட்சிப்பேழையிலும் ‘இது நமக்கு எப்படித் தெரியும்?’ என்ற வினாவுக்கு முதலிடம் அளிக்க வேண்டும்.